எல்லாருக்கும் தெரிந்ததை எழுதியவர்

(சிட்னியின் பிளாக்டவுனில் தமிழ் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாகக் கம்பனைப் பற்றிப் பேசுவார்கள், அல்லது புதிதாக வந்த நாவலைப் பற்றிப் பேசுவார்கள். நான் பேச வந்திருப்பது அடேல் ஃபெர்கசன் என்ற ஆஸ்திரேலியப் பத்திரிகையாளரைப் பற்றி. அவர் தமிழர் அல்ல. வணிகச் செய்திப் பக்கத்தில் எழுதுபவர். நம் வீடுகளில் நாளிதழ் வந்தால் முதலில் மடித்து ஓரம் வைக்கப்படுவது அந்தப் பக்கம்தான். அப்படிப்பட்டவரைப் பற்றி இங்கே ஏன் பேச வேண்டும் என்றால், அவர் எழுதிய கதைகளில் மிகப் பெரிய ஒன்று நம்முடைய கதை. அதை நாம் எழுதவில்லை, அவர் எழுதினார்.

நான் பத்திரிகைக்காரன் அல்ல. கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆகவே கணக்குக்காரன் கண்ணில் பட்டதைத்தான் சொல்வேன்.

2015 ஆகஸ்ட் 31, திங்கட்கிழமை இரவு. ஏபிசி தொலைக்காட்சியின் ‘ஃபோர் கார்னர்ஸ்’ நிகழ்ச்சியில் செவன்-லெவன் கடைகளைப் பற்றி ஃபெர்கசன் செய்த புலனாய்வு ஒளிபரப்பானது. அதே நாட்களில் ‘சிட்னி மார்னிங் ஹெரால்ட்’, ‘தி ஏஜ்’ நாளிதழ்களிலும் கட்டுரைகள் வந்தன. நாடு முழுக்க அறுநூறுக்கு மேற்பட்ட கடைகள். இரவெல்லாம் விளக்கெரியும் பெட்ரோல் நிலையங்கள். உள்ளே கவுண்டரில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து ஸ்டூடண்ட் விசாவில் வந்த பிள்ளைகள். அவர்களுக்குச் சட்டப்படியான சம்பளத்தில் பாதிதான் கிடைக்கிறது என்பதுதான் செய்தி.

அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அப்போது ஸ்டூடண்ட் விசாக்காரர் இரண்டு வாரத்துக்கு நாற்பது மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதாவது வாரத்துக்கு இருபது. மணிக்குச் சட்டப்படி 24 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பையன் வாரத்துக்கு நாற்பது மணி நேரம் நிற்கிறான். புத்தகத்தில் இருபது மணி என்று எழுதுகிறார்கள், இருபதுக்கு 480 டாலர் வங்கியில் போடுகிறார்கள். பேஸ்லிப்பைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு: மணிக்கு 24, வரி பிடித்தம், சூப்பர் என்ற ஓய்வூதியச் சேமிப்புகூட இருக்கும். உண்மையில் அவன் கைக்கு வருவது மணிக்கு 12 டாலர். அவன் புகார் செய்தால்? ‘நீ இருபது மணிக்கு மேல் வேலை செய்தாய், விசா விதியை மீறினாய், சொல்லிவிடட்டுமா?’ என்று முதலாளி கேட்பார். அவனைக் கூடுதல் நேரம் நிற்கவைத்தவரும் அவரே, அதை வைத்து மிரட்டுபவரும் அவரே. திருட்டையும் காவலையும் ஒரே கையில் வைத்திருக்கிற ஏற்பாடு இது. செய்தி வெளியான பிறகு சில இடங்களில் இது இன்னொரு வடிவம் எடுத்தது. முழுச் சம்பளமும் வங்கியில் போடப்படும், பிறகு பாதியை ரொக்கமாக எடுத்து வந்து முதலாளியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்காவது இது புதிய செய்தியா? இல்லை. துங்காபி, வெண்ட்வர்த்வில், செவன் ஹில்ஸ், பெண்டில் ஹில் என்று எந்த வீட்டுப் பின்கட்டு அறையிலும் வாடகைக்கு இருந்த எந்தப் பையனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தம்பியும் தஞ்சாவூரிலிருந்து வந்த தம்பியும் இதில் ஒரே வரிசை. ‘முதல் இரண்டு வருஷம் அப்படித்தான், பிறகு நிரந்தர வதிவிட உரிமை (பி.ஆர்.) கிடைத்தால் சரியாகிவிடும்’ என்று நாமே ஆறுதல் சொல்லியிருக்கிறோம். அந்த ஏற்பாட்டை ஒரு சடங்குபோல ஏற்றுக்கொண்டிருந்தோம்.

ஆக, ஃபெர்கசன் எந்த ரகசியத்தையும் கண்டுபிடிக்கவில்லை. ஆயிரக்கணக்கானோருக்குத் தெரிந்ததை எழுதினார். இதை அவரைக் குறைத்துச் சொல்வதற்காகச் சொல்லவில்லை. அவருடைய தொழில் வாழ்க்கையின் சாரமே அதுதான் என்று நினைக்கிறேன். தெரிந்திருப்பது வேறு; அதை அச்சில் ஏற்றி, மறுநாள் காலை வழக்கறிஞர்கள் வந்தாலும் நிற்கிற மாதிரி எழுதுவது வேறு. இரண்டுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை அவர் எதை வைத்துக் கடந்தார் என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம்.

முதலில் அவருக்கு வழிகாட்டியவர் மைக்கேல் ஃப்ரேசர் என்ற நுகர்வோர் உரிமை ஆர்வலர். அவர் கடை கடையாக ஏறி இறங்கி, கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளிடம் பேசிப் பேசி விவரம் சேர்த்திருந்தார். சில பிள்ளைகள் முகம் காட்டிப் பேச முன்வந்தார்கள். அது சாதாரணத் துணிச்சல் அல்ல. அதற்குப் பிறகு நிறுவனத்துக்கு உள்ளேயிருந்து ஆவணங்கள் வந்தன. இவ்வளவோடு நின்றிருந்தால் ‘சில கெட்ட முதலாளிகள்’ என்ற கதையாக முடிந்திருக்கும். வேலைவாய்ப்புச் சட்டங்களைக் கண்காணிக்கும் ஃபேர் வொர்க் அமைப்பு அதற்கு முன்பே சில கடைகளை நீதிமன்றம்வரை கொண்டுபோயிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு கடைக்காரர் மாட்டுவார், தலைமையகம் வருத்தம் தெரிவிக்கும், கதை முடியும்.

ஃபெர்கசன் கேட்ட கேள்வி வேறு. இந்தக் கடைக்காரர் சட்டப்படி சம்பளம் கொடுத்தால் அவருக்கு என்ன மிஞ்சும்? இது கணக்குக்காரன் கேள்வி, அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கிறது. செவன்-லெவன் ஃபிரான்சைஸ் ஒப்பந்தப்படி கடையின் மொத்த லாபத்தில் 57 சதவீதம் தலைமையகத்துக்கு, 43 சதவீதம் கடைக்காரருக்கு. வாடகை தலைமையகத்தின் பொறுப்பு. ஆட்களின் சம்பளம் கடைக்காரரின் பொறுப்பு. கடையோ இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். இரவு, வார இறுதி, பொது விடுமுறை என்று சட்டப்படியான கூடுதல் விகிதத்தோடு சம்பளத்தைக் கணக்கிட்டால், பல கடைகளில் அந்த 43இல் முதலாளிக்கு ஒன்றும் தேறாது. கடன் வாங்கிக் கடை எடுத்தவர் வேறு எதைக் குறைக்க முடியும்? பெட்ரோல் விலையை அவர் தீர்மானிப்பதில்லை, வாடகையை அவர் தீர்மானிப்பதில்லை. அவர் கை எட்டுகிற ஒரே இடம் கவுண்டரில் நிற்கும் பையனின் சம்பளம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடைகளின் சம்பளப் பட்டியலைத் தயாரித்து அனுப்பியது தலைமையகமே. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். கடையில் ஒரே ஒருவர் நின்றாலும் 168 மணி நேரச் சம்பளம் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, பட்டியலில் நூறு மணி நேரம்தான் இருக்கிறது என்றால், மீதி அறுபத்தெட்டு மணி நேரம் யார் நின்றது? கடைக்காரரும் மனைவியும் நின்றார்கள் என்பார்கள். இருக்கலாம். அவர்களும் என்றைக்காவது தூங்க வேண்டுமே. இந்த அளவு பெருக்கலும் கழித்தலும் தெரிந்தவர் தலைமையகத்தில் ஒருவர்கூட இல்லை என்று நம்புவது எனக்குக் கஷ்டம்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. செப்டம்பர் முடிவதற்குள் தலைவர் ரஸ் விதர்ஸும் தலைமைச் செயல் அதிகாரி வாரன் வில்மட்டும் பதவி விலகினார்கள். போட்டி ஆணையத்தின் முன்னாள் தலைவர் ஆலன் ஃபெல்ஸ் தலைமையில், பாதிக்கப்பட்டவர்களின் கோரிக்கைகளைப் பரிசீலிக்கக் குழு அமைந்தது. 2016 மே மாதம் நிறுவனம் அந்தக் குழுவை விலக்கிவிட்டு, வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. அதற்கும் பெரிய சர்ச்சை எழுந்தது. முடிவில் திருப்பிக் கொடுக்கப்பட்ட தொகை 15 கோடி டாலரைத் தாண்டியது. லாபப் பங்கு விகிதமும் மாற்றப்பட்டது. 2017இல் சட்டம் வந்தது: கடைக்காரர் சம்பளத்தைக் குறைத்தால், தெரிந்தும் தடுக்காத தலைமை நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும், சம்பளத்தைக் கொடுத்துவிட்டு ரொக்கமாகத் திரும்ப வாங்குவது தடை. 2024 ஜூலையிலிருந்து, விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவதே குற்றம். 2025 ஜனவரி 1 முதல், வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைப்பது கூட்டரசுச் சட்டப்படி கிரிமினல் குற்றம். மாணவர்களின் வேலை வரம்பும் இப்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். இவை எல்லாவற்றையும் ஒரு நிகழ்ச்சியே கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். தொழிற்சங்கங்களும் ஆய்வாளர்களும் ஃபெல்ஸ் தலைமையில் பின்னர் அமைந்த புலம்பெயர் தொழிலாளர் பணிக்குழுவும் வருடக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இரவுக்கு முன்னால் அமைச்சர் ஒருவரிடம் போய் இதைப் பேசியிருந்தால், ஆதாரம் எங்கே என்று கேட்டிருப்பார்.

இனி வங்கிக் கதை. உலகத்துக்கு ஃபெர்கசனைத் தெரிந்தது இதனால்தான், அவருக்கு ஆஸ்திரேலியப் பத்திரிகைத் துறையின் உயரிய ‘கோல்ட் வாக்லி’ விருது கிடைத்ததும் இதனால்தான்.

காமன்வெல்த் வங்கியை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. விமானத்திலிருந்து இறங்கிய முதல் வாரத்தில் நம்மில் பலர் கணக்குத் திறந்தது அங்கேதான். 1911இல் அரசு தொடங்கிய வங்கி, 1990களில் தனியார்மயமானது. அதன் நிதி ஆலோசனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர் ஜெஃப் மோரிஸ். உடன் வேலை செய்த ஆலோசகர்கள் சிலர், ஓய்வுபெற்ற முதியவர்களின் சேமிப்பை அவர்களுக்குச் சரியாகப் புரியாமலேயே ஆபத்தான முதலீடுகளில் போட்டுக் கமிஷன் பார்ப்பதையும், வாடிக்கையாளர் கையெழுத்தே போலியாகப் போடப்படுவதையும் கண்டார். 2008 அக்டோபரில் அவரும் இரண்டு சகாக்களும் ஆஸிக் என்ற கண்காணிப்பு அமைப்புக்குப் பெயர் போடாமல் ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார்கள். உலக நிதி நெருக்கடி உச்சத்தில் இருந்த நேரம் அது; ஒவ்வொரு வாரமும் யாரோ ஒரு முதியவரின் சேமிப்பு கரைந்துகொண்டிருந்தது. ஆஸிக் அசைந்து கொடுக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

மோரிஸ் காத்திருந்து காத்திருந்து கடைசியில் ஃபெர்கசனிடம் வந்தார். 2013 ஜூனில், ‘ஹெரால்ட்’, ‘ஏஜ்’ இரண்டையும் வெளியிட்ட ஃபேர்ஃபாக்ஸ் நிறுவனத்தின் நாளிதழ்களில் கட்டுரை வெளியானது. அதே மாதம் செனட் விசாரணைக்கு உத்தரவாயிற்று. நேஷனல்ஸ் கட்சியின் செனட்டர் ஜான் வில்லியம்ஸ் இதை விடாமல் பிடித்துக்கொண்டார். 2014 மே மாதம் ‘ஃபோர் கார்னர்ஸ்’ நிகழ்ச்சியில் ‘பேங்கிங் பேட்’ ஒளிபரப்பானது. ஜூனில் செனட் குழு, வங்கியை விசாரிக்க ராயல் கமிஷன் என்ற உயர்மட்ட விசாரணை ஆணையம் வேண்டும் என்றது. ஜூலையில் வங்கியின் தலைமை அதிகாரி இயன் நேரவ் மன்னிப்புக் கேட்டார். அரசு மட்டும் ராயல் கமிஷன் தேவையில்லை என்று மூன்று வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்த இடைவெளியில் ஃபெர்கசன் வேறு எங்கும் போய்விடவில்லை. 2016 மார்ச்சில் அதே வங்கியின் காப்பீட்டுப் பிரிவான காம்இன்ஷூர் பற்றி எழுதினார். அங்கே தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த டாக்டர் பெஞ்சமின் கோ உள்ளேயிருந்து கேள்வி கேட்டார், அவருடைய வேலை போனது. மாரடைப்பு என்றால் என்ன என்பதற்கு அந்தக் காப்பீட்டில் இருந்த வரையறை, மருத்துவம் கைவிட்ட பழைய வரையறை. மருத்துவமனையில் மாரடைப்பு என்று சொல்லிச் சிகிச்சை கொடுப்பார்கள், காப்பீட்டுக்காரர் இது மாரடைப்பே இல்லை என்பார். 2017இல் ஆஸிக் விசாரித்துவிட்டு, வரையறை பழையதுதான், ஆனால் சட்டம் எதுவும் மீறப்படவில்லை என்றது. எனக்கு அந்த முடிவுதான் மாரடைப்பைவிடப் பயமாக இருந்தது. சட்டத்துக்கு உட்பட்டே இவ்வளவு செய்யலாம் என்று அரசு அமைப்பே எழுதிக் கொடுத்த மாதிரி.

2017 நவம்பர் 30 காலையில் நான்கு பெரிய வங்கிகளும் சேர்ந்து, இந்த நிச்சயமற்ற நிலை போதும், விசாரணை நடத்திவிடுங்கள் என்று அரசுக்குக் கடிதம் எழுதின. அன்றே பிரதமர் மால்கம் டர்ன்புல் ராயல் கமிஷனை அறிவித்தார். அத்தனை காலம் முதியவர்கள் கேட்டபோது கிடைக்காதது, வங்கிகள் கேட்டதும் சில மணி நேரத்தில் கிடைத்தது. உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கென்னத் ஹெய்ன் நடத்திய விசாரணையில் வெளிவந்ததை இங்கே எல்லாம் சொல்ல நேரமில்லை. ஒன்று போதும்: இறந்துபோன வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ‘ஆலோசனைக் கட்டணம்’ பிடித்திருக்கிறார்கள். செத்தவருக்கு என்ன ஆலோசனை சொன்னார்கள் என்று தெரியவில்லை. 2019 பிப்ரவரியில் இறுதி அறிக்கை, 76 பரிந்துரைகள். ஏஎம்பி நிதி நிறுவனத்தின் தலைமையும், நேஷனல் ஆஸ்திரேலியா வங்கியின் தலைமையும் பதவி இழந்தன. அதே 2019இல் ஃபெர்கசன் இந்த முழுக் கதையையும் ‘பேங்கிங் பேட்’ என்ற பெயரில் புத்தகமாக்கினார்.

இவ்வளவு பெரிய விசாரணைக்கு நடுவில் அவர் எழுதிய ஒரு சின்னக் கட்டுரை எனக்கு மறக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சேமிப்புப் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க காமன்வெல்த் வங்கி ‘டாலர்மைட்ஸ்’ என்ற திட்டம் வைத்திருந்தது. நம் பிள்ளைகளும் அந்த உறையில் காசு போட்டுக்கொண்டு போனவர்கள்தான். கிளை ஊழியர்கள் தங்கள் இலக்கை எட்டுவதற்காக, பிள்ளைகளின் பெயரில் திறந்த கணக்குகளில் தாங்களே சில்லறைக் காசு போட்டு, கணக்கு நடப்பில் இருப்பதாகக் காட்டியிருக்கிறார்கள். தொகை ஒன்றும் இல்லை, சதக் கணக்கு. ஆனால் சம்பளமும் போனஸும் இலக்கோடு கட்டப்பட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு, கோடிகளைப் பற்றிய எந்தக் கட்டுரையையும்விட அது தெளிவாக இருந்தது. செவன்-லெவன் கடைக்காரரும் வங்கிக் கிளை ஊழியரும் ஒரே பொறியில் மாட்டியவர்கள்: மேலே ஒருவர் எண்ணைக் குறித்துக் கொடுக்கிறார், அந்த எண் எப்படி வந்தது என்று கேட்பதில்லை.

உள்ளேயிருந்தவர்கள் அவரை நம்பி வந்ததற்கு ஒரு முன்கதை உண்டு. ஃபெர்கசன் பிஆர்டபிள்யூ என்ற வணிக இதழிலும் ‘தி ஆஸ்திரேலியன்’ நாளிதழிலும் வேலை செய்துவிட்டு ஃபேர்ஃபாக்ஸுக்கு வந்தவர். 2012இல், சுரங்க அதிபர் ஜினா ரைன்ஹார்ட்டின் வாழ்க்கையை, அவருடைய ஒப்புதல் இல்லாமலேயே புத்தகமாக எழுதினார். ரைன்ஹார்ட்டின் நிறுவனம் நீதிமன்றம் வழியாக, ரைன்ஹார்ட்டின் மகன் ஜான் ஹான்காக்குடன் ஃபெர்கசன் பேசியதற்கான குறிப்புகள், பதிவுகளைக் கொடு என்று கேட்டது. கொடுக்க மறுத்தால் நீதிமன்ற அவமதிப்பு, சிறைக்கும் வாய்ப்பு. செய்தி தந்தவரைக் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை என்று பத்திரிகையாளருக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் மேற்கு ஆஸ்திரேலியாவில் அப்போதுதான் வந்திருந்தது. அதே மாதிரி கேட்கப்பட்ட ‘வெஸ்ட் ஆஸ்திரேலியன்’ நிருபர் ஸ்டீவ் பென்னல்ஸின் வழக்கில் 2013இல் நீதிமன்றம் நிருபர் பக்கம் நின்றது. பிறகு ஃபெர்கசன் மீதான கோரிக்கையும் கைவிடப்பட்டது. அவர் அன்று பணிந்திருந்தால் மோரிஸும் கோவும் அந்தப் பிள்ளைகளும் அவரிடம் வந்திருப்பார்களா?

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இந்த இடத்தில் பத்திரிகையாளர் சுசேதா தலால் நினைவுக்கு வந்திருப்பார். 1992 ஏப்ரல் 23 அன்று ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில், ஸ்டேட் வங்கியில் 500 கோடி ரூபாய் கணக்கு இடிக்கிறது, ஒரு பெரிய பங்குத் தரகரிடம் அதைச் சரிக்கட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதினார். அந்தத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் மோசடி அப்படித்தான் வெளியே வந்தது. மறு ஆண்டு கணவர் தேபாஷிஸ் பாசுவுடன் சேர்ந்து அதைப் புத்தகமாக்கினார். 2020இல் அது ‘ஸ்கேம் 1992’ தொடராக வந்தபோது நம் வீட்டுப் பிள்ளைகள் ராத்திரி ராத்திரியாகப் பார்த்தார்கள், சிலர் மேத்தாவின் ரசிகர்களாகவே ஆகிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2015இல் நடந்தது. தேசியப் பங்குச் சந்தையின் கணினி அமைப்பில் சில தரகர்களுக்கு மட்டும் முன்னுரிமை கிடைக்கிறது என்று பெயரில்லாத ஒருவர் எழுதிய கடிதத்தை வைத்து, தலாலும் பாசுவும் தங்கள் ‘மணிலைஃப்’ இதழில் எழுதினார்கள். பங்குச் சந்தை 100 கோடி ரூபாய் கேட்டு அவதூறு வழக்குப் போட்டது. பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், பங்குச் சந்தை கேட்ட தடையை மறுத்ததோடு, அந்த அமைப்பே செலவுத் தொகை கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். அதில் பெரும்பகுதி மருத்துவமனைகளுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் அந்த விவகாரத்தை எல்லாரும் தீவிரமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இலங்கையிலிருந்து வந்தவர்களிடம் அவதூறு வழக்கைப் பெரிய ஆபத்தாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர்களின் ஊழலைத் தொடர்ந்து எழுதிய ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 காலையில் வேலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்தில் பத்திரிகையாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபரில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது கோழைத்தனம் என்று அந்த ஊரிலிருந்து வந்தவர்களைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. அங்கே மௌனம் என்பது உயிர் காக்கக் கற்றுக்கொண்ட வித்தை. அந்த வித்தையை நாம் விமானத்தில் ஏற்றி இங்கேயும் கொண்டுவந்துவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம்.

ஃபெர்கசனைக் கோயிலில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. 2022 அக்டோபரில் அவர் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பற்றி எழுதினார்: மோசடியாலும் தவறான பில்லாலும் ஆண்டுக்கு 800 கோடி டாலர் வரை வீணாகிறது என்பது செய்தி. அந்த மதிப்பீடு, மெடிகேர் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற மார்கரெட் ஃபோக்ஸுடையது. மருத்துவர்கள் கொதித்தார்கள். நம் கூட்டத்திலேயே மருத்துவர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். அரசு நியமித்த பிரதீப் பிலிப் 2023இல் கொடுத்த அறிக்கை 150 முதல் 300 கோடி டாலர் வரை இருக்கலாம் என்றது. அதுவும் சின்னத் தொகை அல்ல. அமைப்பில் ஓட்டை இருக்கிறது என்பதை அந்த அறிக்கையும் ஒத்துக்கொண்டது. ஆனாலும் தலைப்பில் பெரிய எண்ணைப் போட்டால், பிறகு நேர்மையான மருத்துவரும் அந்த எண்ணைச் சுமக்க வேண்டியிருக்கிறது. கடை, கிளை, பேஸ்லிப் என்று கீழேயிருந்து கூட்டிக்கொண்டு போனபோது அவர் எழுத்து அசையாமல் நின்றது. மேலேயிருந்து ஒரு மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு இறங்கியபோது கொஞ்சம் தள்ளாடியது. 2023இல் அவர் ஏபிசிக்குப் போன பிறகு, 2025இல் குழந்தைகள் காப்பகங்களைப் பற்றிச் செய்த புலனாய்வில் மறுபடி கீழேயிருந்து தொடங்கினார்.

உள்ளேயிருந்து உண்மையைச் சொன்னவர்களின் நிலைமையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விருது பத்திரிகையாளருக்கு, 2019இல் அரசு தந்த ஏஎம் கௌரவமும் அவருக்கு. ஜெஃப் மோரிஸுக்கு வேலையும் போனது, குடும்ப வாழ்க்கையும் குலைந்தது என்று அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நிறுவனங்களுக்குள்ளிருந்து உண்மை சொல்பவர்களைப் பாதுகாக்கும் சட்டம் 2019 ஜூலையில் வலுப்படுத்தப்பட்டது. அவருக்கு அது பிந்தி வந்தது. இதை அறிந்தவர் ஃபெர்கசன். அவருடைய புத்தகத்தின் மையத்தில் வங்கி முதலாளிகள் இல்லை, இந்த மனிதர்கள்தான் இருக்கிறார்கள்.

கடைசியாக, நமக்குச் சங்கடமான பகுதி. செவன்-லெவன் கதையில் சம்பளம் இழந்தவர் நம் ஊர்ப் பையன் என்றேன். கடைக்காரர் யார்? பல இடங்களில் அவரும் நம்மைப்போல வந்தவர். பத்து வருடம் முன்பு அதே கவுண்டரில் நின்று, சேமிப்பையும் கடனையும் போட்டுக் கடை எடுத்தவர். அவரையும் அந்த ஒப்பந்தம் நசுக்கியது. கடைக்காரர்கள் சேர்ந்து, நிறுவனத்தின் மீதும் கடன் கொடுத்த ஏஎன்இசட் வங்கியின் மீதும் வழக்குப் போட்டு 9.8 கோடி டாலர் சமரசத் தொகை பெற்றார்கள். அதற்கப்புறம் 2024இல் ஆஸ்திரேலிய செவன்-லெவனை அதன் உரிமையாளர் குடும்பங்களிடமிருந்து ஜப்பானிய நிறுவனம் 171 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பையன், கடைக்காரர், விற்ற குடும்பங்கள். மூன்றே வரிதான்.

பெரிய நிறுவனத்தைப் பற்றி எழுத ஃபெர்கசன் வருவார். நம் தெருவில் இருக்கும் கடையைப் பற்றி யார் எழுதுவது? ரொக்கச் சம்பளம் கொடுக்கும் சமையலறை, ‘டிரெயினிங்’ என்று முதல் மாதம் காசே கொடுக்காத கடை, ஸ்பான்சர் செய்கிறேன் என்று சொல்லிச் சம்பளத்தில் பாதியைத் திருப்பி வாங்கும் நிறுவனம். அவற்றின் விளம்பரங்களை நம்பித்தான் இலவசத் தமிழ்ப் பத்திரிகைகள் அச்சாகின்றன, அவற்றின் வாசலிலேயே அடுக்கியும் வைக்கப்படுகின்றன. விளம்பரம் கொடுத்தவரே நம் கோயில் திருவிழாவுக்கும் அன்னதானம் கொடுத்திருப்பார். ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை, அவருக்கும் அச்சகக்காரருக்குக் காசு கட்ட வேண்டும். தொண்ணூறுகளில் சென்னையில் அனுபவ் பிளாண்டேஷன்ஸ் தேக்கு மரத்தைக் காட்டிப் பணம் திரட்டியபோது என்ன நடந்தது? விளம்பரம் மட்டும் பக்கம் பக்கமாக வந்தது, ஒரு மரம் எத்தனை வருடத்தில் எவ்வளவு விலைக்குப் போகும் என்று பெருக்கிப் பார்த்த கட்டுரை கண்ணில் படவில்லை. 2022இல் சென்னை நிறுவனமான ஆருத்ராவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பணத்தைப் போட்டுவிட்டு நின்றபோதும் கிட்டத்தட்ட இதே நிலைதான்.

அந்தக் கடைகளின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேள்வி நேரத்தில் யாராவது கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். என் கையில் தாள் இல்லை, இந்த நாட்டின் அவதூறுச் சட்டம் எப்படிப்பட்டது என்பது கணக்குக்காரனுக்கும் தெரியும். ஆனால் யாரிடமாவது பழைய ரோஸ்டரின் போட்டோ இருந்தால், பேஸ்லிப் இருந்தால், ஷிப்ட் மாற்றச் சொல்லி முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால், அழித்துவிடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் பின்னால் தேநீர் வைத்திருக்கும் மேசைக்கருகில் நிற்பேன். எத்தனை மணி நேரம், எவ்வளவு வந்திருக்க வேண்டும், எவ்வளவு வந்தது என்று கூட்டிக் கழித்துத் தருகிறேன். அதை எடுத்துக்கொண்டு ஃபேர் வொர்க்குக்குப் போவதா, பத்திரிகைக்குப் போவதா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.